பத்ஹுல் முயீன் தந்தவர் எழுதிய போர் வரலாறு

ஷாஃபிஈ மத்ஹபின் கிதாபுகளை ஓதிய ஆலிம்கள் இருக்கும் வீடுகளில் பத்ஹுல் முயீன் என்ற பெயர் புதிதன்று. காயல்பட்டினம், கீழக்கரை முதலான நம் கடலோர ஊர்களில் தலைமுறை தலைமுறையாக ஓதிக் கொடுக்கப்பட்டு வரும் பிக்ஹு கிதாபு அது. ஒளுவின் பர்ளுகள் ஆறு, பயணத்தில் தொழுகையைச் சுருக்குவது எப்படி, நிக்காஹுக்கு ஷர்த்துகள் யாவை என்று நம் வீட்டுப் பெண்கள் ஹழ்ரத்மார்களிடம் ஆளனுப்பிக் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் அதில் விடை உண்டு. அந்தக் கிதாபைத் தந்த பெரியார் ஒரு போர் வரலாறும் எழுதியிருக்கிறார் என்ற செய்தியோ நம்மில் பலருக்கு எட்டவில்லை. அது தெரியாமல் போனது நமக்குத்தான் நஷ்டம் என்று கருதியே அவர்களுடைய சரிதையை இம்மாதம் எழுதத் துணிந்தோம்.

அவர்களுடைய பெயர் ஷைகு அஹ்மத் ஜைனுத்தீன் மக்தூம். அவர்களுடைய பாட்டனாருக்கும் ஜைனுத்தீன் மக்தூம் என்றே பெயர். ஆகவே பாட்டனாரைப் பெரிய மக்தூம் என்றும், பேரரைச் சின்ன மக்தூம் என்றும் சொல்வது வழக்கம். நாம் எழுதப்போவது பேரரைப் பற்றி. ஆயினும் பாட்டனாரைத் தாண்டிவிட்டுப் பேரரிடம் போக முடியாது.

பெரிய மக்தூம் அவர்களின் பெயரோடு மஅபரீ என்ற அடைமொழி சேர்ந்திருக்கிறது. மஅபர் என்பது நம்முடைய தமிழகக் கடற்கரைக்கு அரபிகள் இட்ட பெயர். ஆம், மக்தூம் குடும்பம் இங்கிருந்து கொச்சிக்குப் போன குடும்பம்தான்! கொச்சியில் பிறந்த அப்பெரியார் பின்னர் பொன்னானியில் குடியேறி, அங்கே பெரிய ஜும்ஆப் பள்ளியை நிறுவி, ஓதிக் கொடுக்கவும் தொடங்கினார்கள். பள்ளியின் நடுவே தொங்கும் விளக்கைச் சுற்றி மாணவர்கள் அமர்ந்து பாடம் கேட்பார்கள். விளக்கத்திருக்கல் என்று மலையாளத்தார் சொல்லும் அந்த மரியாதையைப் பெறாத ஆலிமை அக்காலத்து மலபாரில் ஆலிமாக மதிப்பது அரிது. பறங்கியர் வந்து இறங்கியதைக் கண்ணால் கண்ட தலைமுறை அவர்களுடையது. அந்த அநியாயத்தை எதிர்த்து நிற்குமாறு மக்களைத் தூண்டி அரபியில் ஒரு நெடும்பாட்டும் இயற்றிவிட்டு, ஹிஜ்ரி 928ல் வபாத்தானார்கள்.

அவர்களுடைய மைந்தர்களில் முஹம்மத் கஸ்ஸாலீ அவர்கள் வட மலபாரில் காழியாக இருந்தார்கள். வடகரைக்கும் மாஹேக்கும் இடையிலுள்ள சொம்பால் என்ற கடலோர ஊரில், ஹிஜ்ரி 938ஐ ஒட்டி (கி.பி. 1531–32), அவர்களுக்குப் பிறந்தவரே நம் சரிதை நாயகர். கல்வியைத் தம் வீட்டிலும், பின்னர் பொன்னானியில் சிறிய தந்தையார் அப்துல் அஸீஸ் மக்தூம் அவர்களிடமும் பெற்றார்கள். அதற்குமேல் மக்கமா நகர் சென்று ஹஜ்ஜை நிறைவேற்றி, பத்தாண்டுக் காலம் அங்கேயே தங்கி ஓதினார்கள். ஷாஃபிஈ மத்ஹபின் தூண்களுள் ஒருவரான இமாம் இப்னு ஹஜர் ஹைத்தமீ (ரஹ்) அவர்கள் அப்போது மக்காவில் இருந்தார்கள். அந்த மகானிடம் நேரில் பாடம் கேட்கும் பாக்கியம் நம் ஷைகு அவர்களுக்குக் கிடைத்தது.

அக்காலத்தில் ஹஜ்ஜுப் பயணம் என்பது இன்று போல் விமானத்தில் சில மணி நேரத்துக் காரியம் அன்று. புயலையும் நோயையும் விடப் பெரிய ஆபத்து ஒன்று கடலில் காத்திருந்தது. கடல் முழுவதும் தங்களுக்கே சொந்தம் என்று பறங்கியர் அறிவித்திருந்தனர். அவர்களிடம் பணம் கட்டிச் சீட்டு வாங்காத கப்பலை வழிமறித்துப் பிடிப்பார்கள், இல்லையேல் கொளுத்துவார்கள். 1502ல் வாஸ்கோ ட காமா, மக்காவிலிருந்து ஹாஜிகளை ஏற்றிவந்த ஒரு கப்பலைப் பெண்டு பிள்ளைகளோடு எரித்த கொடுமையை அவனுடைய கப்பற்படையில் வந்தவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். இந்தச் சீட்டுகளில் ஈஸா நபி (அலை) அவர்களுடையதும் மர்யம் அம்மையாருடையதும் என்று உருவங்கள் பொறிக்கப்பட்டிருந்தன. அதைக் காரணம் காட்டி, இந்நாட்டு முஸ்லிம்களுக்கு ஹஜ்ஜே கடமையில்லை என்று அக்பர் பாதுஷாவின் அவையில் மக்தூமுல் முல்க் பட்டம் பெற்றிருந்த ஆலிம் பத்வா கொடுத்ததாக வரலாற்றாசிரியர் பதாயூனீ எழுதுகிறார். (அந்த மக்தூம் வேறு, நம் மக்தூம் வேறு. வாசகர்கள் குழம்பிக்கொள்ள வேண்டாம்.) டில்லிப் பக்கத்தில் இப்படிப் பேச்சு நடந்துகொண்டிருந்த அதே நூற்றாண்டில், பறங்கிக் கப்பல்கள் சுற்றித் திரிந்த அதே கடலில்தான் சொம்பாலின் இந்த இளைஞர் கப்பலேறிப் போனார், திரும்பியும் வந்தார்.

பொன்னானிக்கு மீண்ட ஷைகு அவர்கள் ஓதிக் கொடுப்பதிலும் எழுதுவதிலும் ஆயுளைச் செலவிட்டார்கள். முதலில் குர்ரத்துல் ஐன் என்ற சிறு கிதாபை எழுதி, பிறகு அதற்குத் தாமே விளக்கவுரையும் எழுதினார்கள். அந்த விளக்கவுரைதான் பத்ஹுல் முயீன். ஹிஜ்ரி 982 ரமளானில் அது முடிந்தது. மற்ற பிக்ஹு கிதாபுகள் தண்ணீரிலும் சுத்தத்திலும் தொடங்க, இது நேரே தொழுகையில் தொடங்கி, சுத்தத்தைத் தொழுகையின் ஷர்த்தாக வைத்துப் பேசும். ஓதிப் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பின் அழகு தெரியும். மலபாரில் எழுதப்பட்ட அக்கிதாபு ஜாவாவிலும் மலேயாவிலும் பாடமாயிற்று. மக்காவிலேயே ஸெய்யித் பக்ரீ அவர்கள் அதற்கு இஆனத்துத் தாலிபீன் என்ற பேருரை எழுதினார்கள். மக்காவில் போய் ஓதி வந்தவருடைய கிதாபு மக்காவுக்கே பாடமாகத் திரும்பிப் போனது சாதாரணப் பேறு அன்று.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க விரும்புகிறோம். பத்ஹுல் முயீனில் ஜிஹாதைப் பற்றிய பாபு ஒன்று உண்டு. அதன் பெயரை மட்டும் கேட்பவர்கள் அதில் வாளும் ஈட்டியுமே இருக்கும் என்று நினைப்பார்கள். ஷைகு அவர்களோ, சமுதாயம் முழுவதன் மீதும் விழுகின்ற கூட்டுக் கடமைகளை, அதாவது பர்ளு கிபாயாக்களை, அந்தப் பாபிலேதான் வரிசைப்படுத்துகிறார்கள். பசித்தவனுக்கு உணவளிப்பதும் உடையற்றவனுக்கு உடையளிப்பதும் அங்கே வருகின்றன. அந்தப் பசித்தவன் முஸ்லிமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நம்மிடம் அபயம் பெற்று வாழும் பிற சமயத்தவனுக்கும், பாதுகாப்புப் பெற்று வந்த வெளிநாட்டானுக்கும் வரும் தீங்கைத் தடுப்பதும் அதே கடமையில் அடங்கும் என்று சட்டம் சொல்கிறார்கள். சலாமுக்குப் பதில் சொல்லும் சட்டமும் அதே பாபில்தான் இருக்கிறது! போரைப் பற்றிப் பேசப் புகுந்த இடத்தில் பசியையும் சலாமையும் வைத்த அந்த மனத்தை நினைவில் வைத்துக்கொண்டுதான் அவர்களுடைய வரலாற்று நூலைத் திறக்க வேண்டும்.

அந்த நூலின் பெயர் துஹ்பத்துல் முஜாஹிதீன். மலபாரில் பறங்கியர் வந்திறங்கிய 1498 முதல் 1583 வரையிலான எண்பத்தைந்து ஆண்டுகளின் கதை அதில் இருக்கிறது. பீஜப்பூர் சுல்தான் அலீ ஆதில் ஷாவுக்கு அந்நூலைக் காணிக்கையாக்கியிருக்கிறார்கள். சுல்தான் 1580லேயே கொல்லப்பட்டுவிட்டார். செய்திகளோ அதற்குப் பின்னும் மூன்றாண்டுகள் தொடர்கின்றன. நூலுக்கு நான்கு பகுதிகள். அறப்போரின் சட்டங்களும் சிறப்புகளும் ஒன்று. மலபாரில் இஸ்லாம் பரவிய விதம் ஒன்று. அந்நாட்டு இந்துக்களின் பழக்க வழக்கங்கள் ஒன்று. பறங்கியரின் வருகையும் செயல்களும் ஒன்று. கடைசிப் பகுதிதான் மிகப் பெரியது.

ஒருவர் எழுதும் வரலாறு நம்பத்தக்கதா என்று பார்க்க, எதிரியைப் பற்றி அவர் என்ன எழுதினார் என்று பார்த்தால் போதாது. தம்மவரைப் பற்றி என்ன எழுதினார் என்று பார்க்க வேண்டும். இந்தப் பரீட்சையில் நம் ஷைகு அவர்களை வைத்துப் பார்ப்போமே.

சேரமான் பெருமாள் என்ற மன்னர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காலத்திலேயே சந்திரன் பிளந்ததைக் கண்டு, மக்கா சென்று இஸ்லாத்தைத் தழுவினார் என்ற வரலாறு மலபார் முஸ்லிம்களுக்கு உயிர் போன்றது. நம் மௌலிது மஜ்லிஸ்களிலும் அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் பலர். ஷைகு அவர்கள் அந்த மன்னர் இஸ்லாத்தில் சேர்ந்த வரலாற்றை எழுதுகிறார்கள். ஆனால் அது நாயகம் (ஸல்) அவர்கள் காலத்தில் நடந்தது என்ற பேச்சில் உண்மை இல்லை என்றும், ஹிஜ்ரி இருநூறுக்குப் பிறகு நடந்திருக்கலாம் என்றும் துணிந்து சொல்லிவிடுகிறார்கள். தம் ஊர்ப் பெருமையைத் தாமே குறைத்துக்கொள்ள எத்தனை பேருக்கு மனம் வரும்?

இன்னொன்று இதைவிடக் கசப்பானது. 1524ல் கொடுங்கல்லூரில் யூதர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் மூண்ட தகராறில் ஒரு முஸ்லிம் கொல்லப்பட்டார். அதற்குப் பழிவாங்க மலபாரின் பல ஊர்களிலிருந்தும் முஸ்லிம்கள் திரண்டு சென்று யூதர்களைக் கொன்றார்கள்; அவர்களுடைய வீடுகளையும் வணக்கத் தலங்களையும் எரித்தார்கள்; தீ கிறிஸ்தவர்களின் வீடுகளையும் தேவாலயங்களையும் கூட விடவில்லை. இவ்வளவையும் ஷைகு அவர்கள் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். பறங்கியர் பள்ளிவாசல்களை எரித்தார்கள் என்று குற்றம் சாட்டும் அதே நூலில்தான் இதுவும் இருக்கிறது. இதை வேறு யாரும் தோண்டி எடுத்து நம் முன் வைக்கவில்லை. நம்முடைய பிக்ஹு இமாமே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சாட்சியத்தை மறைப்பவனைப் பற்றிக் குர்ஆன் எச்சரிப்பதை ஓதிக் கொடுத்தவர்களுக்கு வேறு எப்படி எழுத வரும் என்று நமக்குத் தோன்றுகிறது.

பறங்கியரால் வந்த துன்பத்துக்கு அவர்கள் சொல்லும் முதற்காரணமும் இதே போக்கில்தான் இருக்கிறது. மலபார் முஸ்லிம்கள் வாணிபத்தில் செழித்து நிம்மதியாக வாழ்ந்தார்கள். பின்னர் அல்லாஹ்வின் நிஃமத்துகளை மறந்தார்கள், பாவத்தில் விழுந்தார்கள், பல பிரிவாகப் பிளந்தார்கள். ஆகவே சோதனை வந்தது என்று தொடங்குகிறார்கள். அதற்குப் பிறகுதான் பறங்கியரின் அட்டூழியங்கள் வருகின்றன. ஹாஜிகளைத் தடுத்தது, கப்பல்களைப் பறித்தது, குர்ஆன் பிரதிகளை எரித்தது, கைதிகளை மதம் மாற்ற வதைத்தது, மிளகும் இஞ்சியும் தங்களைத் தவிர வேறு யாரும் ஏற்றக் கூடாது என்று விலக்கியது, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஹிஜ்ரி 915 ரமளானில் (1510 ஜனவரி) பறங்கியர் கள்ளிக்கோட்டையில் இறங்கி, நாகுதா மிஸ்கால் கட்டிய ஜும்ஆப் பள்ளியைக் கொளுத்தி, சாமூதிரி மன்னரின் அரண்மனைக்குள்ளும் புகுந்தார்கள். நாயர் வீரர்களும் முஸ்லிம்களும் தோளோடு தோள் நின்று அவர்களைக் கடலுக்குத் துரத்தினார்கள். பறங்கித் தளபதிகளில் ஒருவன் அங்கேயே மடிந்தான்.

நம் தமிழ்க் கடற்கரையும் இக்கதையில் வருகிறது. காயலை நோக்கி வந்த மரைக்காயர்களின் கப்பற்படை, 1538ல் இராமநாதபுரம் பக்கத்து வேதாளையில் பறங்கியரிடம் தோற்றுக் கப்பல்களை இழந்தது. அந்தத் தோல்வியையும் உள்ளபடியே எழுதுகிறார்கள்.

சாமூதிரி மன்னர் இந்து. அவருக்குத் துணை நின்று போரிடும்படி முஸ்லிம்களைத் தூண்டும் நூல் இது. இதைச் சிலர் விசித்திரமாக நினைக்கலாம். ஷைகு அவர்களுக்கு இதில் விசித்திரம் எதுவும் தெரியவில்லை. மலபாரின் இந்து மன்னர்கள் முஸ்லிம்களை மதிப்போடு நடத்தினார்கள். ஜும்ஆவுக்கும் பெருநாளுக்கும் தடையில்லை. காழிகளுக்கும் முஅத்தின்களுக்கும் படி ஏற்படுத்தி, ஷரீஅத் சட்டங்களை நடத்தும் பொறுப்பையும் அவர்களிடமே ஒப்படைத்தார்கள். ஜும்ஆவுக்கு வராத முஸ்லிமுக்கு மலபாரின் பெரும்பகுதியில் தண்டனையோ அபராதமோ விதிக்கப்பட்டது என்ற செய்தியைப் படிக்கும்போது நமக்கே வெட்கமாக இருக்கிறது! தாழ்த்தப்பட்டவர் ஒருவர் இஸ்லாத்தைத் தழுவினாலும் அவரை யாரும் துன்புறுத்துவதில்லை, மற்ற முஸ்லிம்களைப் போலவே நடத்துகிறார்கள் என்றும் பதிந்திருக்கிறார்கள். மறுபக்கம், முஸ்லிம் சுல்தான்களிடம் சாமூதிரி தூதனுப்பியும் தக்க உதவி வரவில்லை என்ற வேதனை நூல் நெடுக ஓடுகிறது. எகிப்திலிருந்து வந்த கப்பற்படை 1509ல் டையூவில் தோற்றுப் போயிற்று. நூலைக் காணிக்கை பெற்ற ஆதில் ஷாவே கோவாவை முற்றுகையிட்டு, கைப்பற்றாமல் சமாதானம் செய்துகொண்டு திரும்பியவர்தான். அந்தச் செய்தியையும் அவருக்குக் காணிக்கையாக்கிய நூலிலேயே எழுதிவிட்டார்கள்.

நூலில் நாம் திரும்பத் திரும்பப் படித்த இடம் சாலியம் கோட்டையின் வீழ்ச்சி. கள்ளிக்கோட்டைக்குத் தெற்கே ஆற்று முகத்தில் 1531ல் பறங்கியர் அந்தக் கோட்டையைக் கட்டியபோது, அங்கிருந்த பழைய பள்ளிவாசலை இடித்து அதன் கற்களையே எடுத்துக்கொண்டார்கள். நாற்பது ஆண்டுகள் சாமூதிரியின் கழுத்தில் வைத்த கத்தி போல அது நின்றது. 1571ல் நாயர்களும் முஸ்லிம்களும் சேர்ந்து முற்றுகையிட்டார்கள். உள்ளே உணவு தீர்ந்தது, பட்டினி பொறுக்காமல் பறங்கியர் சமாதானம் கேட்டார்கள். பள்ளியை இடித்தவர்கள், ஹாஜிகளை எரித்தவர்கள், இப்போது கைக்குள் வந்துவிட்டார்கள். பழிதீர்க்க இதைவிட நல்ல தருணம் கிடைக்காது. ஆனால் அபயம் கொடுக்கப்பட்டது, கொடுத்த வாக்கும் காப்பாற்றப்பட்டது. அவர்கள் உயிரோடு வெளியேறிக் கொச்சிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மன்னர் கோட்டையைத் தரைமட்டமாக்கினார். கல்லும் மரமும் பெரும்பாலும் கள்ளிக்கோட்டைக்குப் போயின. மீதியை, இடிக்கப்பட்ட பள்ளிவாசலைத் திரும்பக் கட்டக் கொடுத்தார். பள்ளியிலிருந்து கோட்டைக்குப் போன கல் மறுபடியும் பள்ளிக்கு வந்து சேர்ந்தது. கோட்டையை ஒப்படைத்த பறங்கித் தலைவனுக்குப் பின்னர் அவனுடைய சொந்த ஆட்சியே மரண தண்டனை கொடுத்தது வேறு கதை.

புதுவாயலிலிருந்து பொன்னேரி வழியாகப் பழவேற்காடு போய்வரும் நம் அன்பர்கள் அங்கே டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்திருப்பார்கள். வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய கற்கள் நிற்கின்றனவே, அதுதான். ஷைகு அவர்களுடைய நூலோடு இந்த இடத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. துஹ்பத்தின் செய்திகள் நிற்கும் 1583ல்தான் ஹாலந்தில் ஹூகோ கிரோஷியஸ் என்ற சட்ட அறிஞர் பிறந்தார். 1609ல் அவர் ஒரு சிறு நூல் வெளியிட்டார். கடல் எந்த நாட்டுக்கும் சொந்தமன்று, கிழக்கு நாடுகளுக்குச் சொந்த மன்னர்கள் இருக்கிறார்கள், போப்பாண்டவர் தானம் செய்தார் என்று சொல்லிப் பறங்கியர் உரிமை கொண்டாட முடியாது என்பது அதன் சாரம். இன்றைய சர்வதேசக் கடற்சட்டத்தின் மூலநூல்களில் ஒன்றாக உலகம் அதைக் கொண்டாடுகிறது, கொண்டாடட்டும். ஆனால் கடலில் சீட்டுக் கேட்பது அநியாயம் என்று அதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே, அந்த அநியாயத்தை அனுபவித்தவர்களின் பக்கத்திலிருந்து பொன்னானி ஷைகு எழுதியிருக்கிறார்கள். சர்வதேசச் சட்ட வரலாற்றைப் பேசும்போது அவர்களையும் நினைக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது. கிரோஷியஸின் நாட்டாரோ, நூல் வெளிவந்த மறு ஆண்டே பழவேற்காட்டில் உரிமை பெற்று, 1613ல் அங்கே கெல்டிரியா கோட்டையை எழுப்பினார்கள். எழுப்பிய பிறகு அவர்களும் கப்பலுக்குச் சீட்டுக் கேட்டார்கள். இக்கரையிலிருந்து மக்களை அடிமைகளாக வாங்கி ஏற்றியும் போனார்கள்.

துஹ்பத்தின் பிற்கால வரலாறும் சுவையானது. பீஜப்பூர் அரசவையில் வரலாறு எழுதிய பெரிஷ்தா, மலபாரைப் பற்றிய பகுதிக்கு இதையே ஆதாரமாகக் கொண்டார். 1833ல் சென்னைப் பட்டாளத்தைச் சேர்ந்த ரௌலண்ட்ஸன் என்ற ஆங்கிலேய அதிகாரியின் ஆங்கில மொழிபெயர்ப்பு லண்டனில் வெளியாயிற்று. 1898ல், வாஸ்கோ ட காமா வந்த நானூறாம் ஆண்டைப் போர்ச்சுகல் கொண்டாடியபோது, டேவிட் லோபெஸ் என்ற அறிஞர் லிஸ்பனில் இதை அரபி மூலத்தோடு போர்ச்சுகீசிய மொழியில் வெளியிட்டார். பறங்கியரின் விழாவில் பறங்கியர் மீதான குற்றப் பத்திரிகையும் ஏறியது! நம்மவர்களில் இப்பணியைச் செய்தவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் அரபிப் பேராசிரியர் எஸ். முஹம்மது ஹுஸைன் நயினார் அவர்கள். அவருடைய ஆங்கில மொழிபெயர்ப்பைப் பல்கலைக்கழகம் 1942ல் வெளியிட்டது. ஜப்பானியர் கடல் வழியே வந்து தாக்குவார்கள் என்ற பீதியில் சென்னை மக்கள் ஊரைக் காலிசெய்து ஓடிய வருடம் அது.

ஷைகு அவர்களுடைய கப்ரு சொம்பாலில், குஞ்ஞிப்பள்ளி என்று வழங்கும் பள்ளிவாசலில் இருக்கிறது. பொன்னானியிலிருந்து பிறந்த ஊருக்கே வந்து அடங்கியிருக்கிறார்கள். ரயிலில் வடகரை போய் இறங்கினால் சிறிது தூரம். கண்ணூர்ப் பக்கம் தொழிலுக்குப் போகும் நம் ஊர்ப் பிள்ளைகள் வழியில் இறங்கி ஸியாரத் செய்துவிட்டுப் போகலாம்.